துளசிச் செடியில் தொடங்குங்கள்: பிள்ளைகளுக்குத் தேனீயை அறிமுகப்படுத்துவது பற்றி வாசகர் கேள்வி – பதில்

மே 20 உலகத் தேனீ நாள். அதையொட்டி, சின்னப் பிள்ளைகளுக்குத் தேனீயைப் பற்றி எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

அங்கன்வாடியில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 18 பேர். தேனீ பற்றி எங்கே தொடங்குவது? படமும் பாட்டும் இருக்கின்றன, அவை போதுமா?
– அங்கன்வாடிப் பணியாளர், திண்டுக்கல் மாவட்டம்

படமும் பாட்டும் இரண்டாம் நாளுக்கு இருக்கட்டும். முதல் நாள் உயிருள்ள தேனீயைக் காட்டுங்கள். அதற்காகக் கூட்டைத் தேடிப் போக வேண்டாம், பூத்த துளசிச் செடி ஒன்று போதும். வெயில் ஏறத் தொடங்கியதும், புதர்க் கிளையில் சின்ன அடை கட்டும் கொம்புத்தேனீயும் கொடுக்கில்லாத குட்டிக் கொசுத்தேனீயும் துளசிக் கதிருக்கு வந்துவிடும். முருங்கை பூத்திருந்தால் இன்னும் நல்லது. பூசணிப்பூவைக் காட்ட நினைத்தால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அது விடியலில் விரிந்து முற்பகலுக்குள் வாடிச் சுருங்கிவிடும்.

18 பேரையும் ஒன்றாகக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு தடவைக்கு ஆறு பேர், பத்து நிமிடம். செடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் உட்கார வையுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பிள்ளைகளின் நிழல் பூவில் விழும், நிழல் அசைந்தால் தேனீ பறந்துவிடும். எல்லார் காலிலும் செருப்பு இருக்க வேண்டும். பூவில் மேயும் தேனீ தானாக வந்து கொட்டாது. கையால் பிடித்தாலோ, தரையில் கிடப்பதை வெறுங்காலால் மிதித்தாலோ கொட்டும்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு தேனீயைத் தேர்ந்து கண்ணாலேயே பின்தொடர வேண்டும். ஒரு பூவில் எத்தனை எண்ணும் வரை இருக்கிறது? அடுத்துப் போவது பக்கத்துப் பூவுக்கா, எட்டத்துப் பூவுக்கா? பின்னங்காலில் மஞ்சளாக உருண்டை இருக்கிறதா? துளசியை விட்டு வேறு செடிப் பூவுக்குப் போகிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடும். துளசி மகரந்தம் துளசிக்கே போய்ச் சேர்வது அதனால்தான். இதை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். "என் தேனீ செம்பருத்திப் பக்கமே போகலை" என்று ஒரு பிள்ளை சொல்லும் வரை காத்திருங்கள்.

நாலு வயதுப் பிள்ளைக்குத் தேனீ சட்டென்று கண்ணிலிருந்து தப்பிவிடும். வேறொன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

என் மகன் (6) தேன்கூடு வரையச் சொன்னால் கிளையில் தொங்கும் மஞ்சள் பேரிக்காய் மாதிரி, நடுவில் ஓட்டை வைத்து வரைகிறான். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நம் ஊர்க் கூடு அப்படியா இருக்கிறது?
– ஒரு தாய், மதுரை

இல்லை. கார்ட்டூனில் வரும் அந்த வளையம் வளையமான மஞ்சள் கூடு, ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் வைக்கோல் புரி சுற்றிச் செய்த தேனீக்கூடையின் உருவம். கிளையில் உருண்டையாக மூடித் தொங்குவது பெரும்பாலும் குளவிக்கூடு. இரண்டும் கலந்து ஒரு படமாகிவிட்டது. பிள்ளை அதை நிஜத்தில் எங்கேயும் பார்க்கப்போவதில்லை. நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ அவன் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

நம் ஊரில் பார்க்கக்கூடியவை இவை. மலைத்தேனீ பாறை முகட்டிலும் உயர்ந்த மரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒரே அடையைத் திறந்தவெளியில் கட்டும். அடை ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். கொம்புத்தேனீயும் ஒற்றை அடைதான், ஆனால் உள்ளங்கை அளவில், புதரின் கிளையைச் சுற்றிக் கட்டும். அடுக்குத்தேனீ மரப்பொந்து, புற்று, சுவர் இடுக்கு போன்ற இருட்டில் பல அடைகளை அடுக்கடுக்காகத் தொங்கவிடும். பெயரும் அதனால் வந்ததே. பெட்டியில் வளர்ப்பது இதையும், வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயையும்.

ஐந்தாவது கொசுத்தேனீ. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. கறுப்பாக, அரிசி நீளம்கூட இல்லாத இதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. பழைய சுவரின் விரிசல், மின்சார மீட்டர் பெட்டி, மூங்கில் துளை ஆகியவற்றில் குடியிருக்கும். வாசலில் பிசினும் மெழுகும் சேர்த்து ஒரு சின்னக் குழாய் நீட்டியிருக்கும். அந்தக் குழாயின் வாயில் காவல் தேனீக்கள் வட்டமாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்பதை அரை அடி தூரத்தில் நின்று பார்க்கலாம். விரலால் குழாயைத் தொட்டால் கூட்டமாக வந்து தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். காயம் ஆகாது, ஆனால் பிள்ளை பயந்துவிடும். ஆகவே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது தேனை அறுகோண அறையில் வைப்பதில்லை, திராட்சைக் கொத்துப் போன்ற சின்னச் சின்னக் குடங்களில் வைக்கும்.

மகன் வரைந்த படத்தைத் தப்பு என்று அடிக்க வேண்டாம். மீட்டர் பெட்டிக் கூட்டைக் காட்டிவிட்டு, "இதை வரைவோமா?" என்று கேளுங்கள்.

தேனடையின் அறைக்கு ஏன் ஆறு பக்கம்? ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?
– இரண்டாம் வகுப்பு ஆசிரியர், நாகர்கோவில்

ஒரே மாதிரி ஒரு ரூபாய்க் காசுகள் எட்டு எடுங்கள். ஒன்றை நடுவில் வைத்து, அதைத் தொட்டபடி சுற்றிலும் வைக்கச் சொல்லுங்கள். சரியாக ஆறு காசு நிற்கும். ஏழாவது நுழையாது, ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும். இந்த ஆறை எந்தப் பிள்ளையும் மறக்காது. அடுத்து, காசுகளுக்கு நடுவே மூலையில் மிஞ்சும் சின்ன முக்கோண இடைவெளியைக் காட்டுங்கள். வட்டமாக அறை கட்டினால் அந்த இடமெல்லாம் வீண். அறுகோணத்தில் அந்த இடைவெளி கிடையாது, ஒரே சுவர் இரண்டு அறைகளுக்குப் பொது.

"சதுரம் வைத்தாலும் இடைவெளி வராதே?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். சதுரமும் முக்கோணமும் இடைவெளி விடாதவைதான். ஆனால் அதே அளவு இடத்தை அடைக்க அவற்றுக்குச் சுவர் அதிகம் வேண்டும். மெழுகைத் தேனீ தன் வயிற்றின் அடிப்பக்கச் சுரப்பிகளிலிருந்து மெல்லிய செதில் செதிலாக எடுக்கிறது. நிறையத் தேன் குடித்தால்தான் கொஞ்சம் மெழுகு வரும். சுவர் குறைந்தால் அத்தனை தேன் மிச்சம்.

அட்டையில் வெட்டி ஒட்டுவதானால் கவராயத்தில் 4 செ.மீ. வைத்து வட்டம் போடுங்கள். அதே 4 செ.மீ. அளவை மாற்றாமல் வட்டத்தின் மேல் ஆறு தடவை குறித்துச் சேர்த்தால் அறுகோணம். பிள்ளைகள் ஆளுக்கொன்று கையால் வரைந்து வெட்டினால் சுவரில் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒரே அச்சட்டையை வைத்து எல்லாரும் வரைய வேண்டும்.

ஒரு நுணுக்கம்: அறைகள் நேர்கிடையாக இல்லை, வாய்ப்பக்கம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றிய டம்ளரை மெல்லச் சாய்த்துக் காட்டினால் ஏன் என்று அவர்களே சொல்வார்கள்.

ராணி கட்டளை போடுகிறது, மற்றவை கீழ்ப்படிகின்றன. தேனீயைப் போல் சுறுசுறுப்பாக இரு – பேத்திக்கு இப்படித்தான் சொல்லித்தருகிறேன். சரிதானே?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

ஐயா, இரண்டையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம். ராணி கட்டளை போடுவதில்லை. முட்டையிடுவதே அதன் வேலை. அதன் உடலிலிருந்து வரும் வாசனைப் பொருள் 'ராணி இருக்கிறது' என்று கூட்டுக்குத் தெரிவிக்கும். ராணி தளர்ந்துவிட்டால் வேலைக்காரத் தேனீக்களே புது ராணியை வளர்க்கும். அதே முட்டை, அதே புழு. முதல் மூன்று நாள் எல்லாப் புழுவுக்கும் அரசக்கூழ் (இளம் வேலைக்காரத் தேனீக்களின் தலைச் சுரப்பியில் ஊறும் பால் போன்ற உணவு) கிடைக்கும். பிறகு வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு. ராணியாக வேண்டிய புழுவுக்கு மட்டும் கடைசி வரை அரசக்கூழ். ஆகவே பேத்தியிடம் "ராஜா வீட்டில் பிறந்ததால் ராணி இல்லை, சாப்பாட்டால் ராணி" என்று சொல்லலாம்.

அடுக்குத்தேனீயில் முட்டையிலிருந்து முழுத்தேனீ ஆக ராணிக்கு 15–16 நாள், வேலைக்காரிக்கு 18–20, ஆணுக்கு சுமார் 24. நாட்காட்டியில் ஒரு நாளை வட்டமிட்டு 'முட்டை' என்று எழுதுங்கள். மூன்றாம் நாள் கழிந்து 'புழு', எட்டாம் நாள் வாக்கில் 'அறைக்கு மூடி', 19ஆம் நாள் 'வெளியே வந்தாச்சு'. தினம் ஒரு நாளாக அடித்துக்கொண்டே வந்தால், காத்திருப்பது எவ்வளவு என்று குழந்தைக்கு உடம்பில் தெரியும். ஒரே மூச்சில் நாலு படத்தைக் காட்டினால் தெரியாது.

வெளியே வந்த வேலைக்காரி முதலில் அறை துடைக்கும், பிறகு புழுவுக்கு ஊட்டும், மெழுகு கட்டும், வாசலில் காவல் நிற்கும். பூவுக்குப் போவது கடைசி வேலை. இவை எல்லாமே பெண். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது, அது பூவிலிருந்து எதையும் கொண்டுவருவதும் இல்லை.

சுறுசுறுப்பு விஷயம்: ஜெர்மன் ஆய்வாளர் மார்ட்டின் லிண்டவர் ஒரே தேனீக்கு அடையாளமிட்டு மொத்தம் 177 மணி நேரம் கவனித்து, 1952இல் எழுதினார். அதில் ஏறத்தாழ 70 மணி நேரம் அது சும்மா இருந்தது. இன்னொரு 56 மணி நேரம் கூட்டுக்குள் உலாவி எங்கே என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஓய்வெடுக்கும், சுற்றிப் பார்க்கும், தேவைப்பட்ட இடத்தில் இறங்கி வேலை செய்யும். பேத்திக்கு இந்தத் தேனீயைச் சொல்லுங்கள், அவளுக்கும் பிடிக்கும்.

"தேன் என்றால் தேனீ எடுத்த வாந்தியா?" என்று மகள் கேட்டுவிட்டுத் தேனைத் தொட மறுக்கிறாள்.
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

வாந்தி என்பது செரிக்கும் வயிற்றிலிருந்து வருவது. தேனீக்கு அதற்கு முன்னால் தனியாக ஒரு தேன்பை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அடைப்பிதழும் உண்டு. பூவின் இனிப்பு நீர் அந்தப் பையில் வந்து, கூட்டில் இன்னொரு தேனீயின் வாய்க்கு மாறி, அங்கிருந்து அறைக்குப் போகிறது. கடைக்குப் போன பையிலிருந்து சாமானை எடுத்து வைப்பது போலத்தான்.

செய்து காட்ட வேண்டுமா? 30 கிராம் சர்க்கரையை 70 மில்லி தண்ணீரில் கரையுங்கள். பூவின் இனிப்பு நீர் கிட்டத்தட்ட இந்த அளவில் இருக்கும், செடிக்குச் செடி மாறும். பிள்ளைகள் மை ஊற்றும் ஃபில்லரால் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்றட்டும், அதுதான் வாய்க்கு வாய் மாறுவது. கடைசியில் அகலத் தட்டில் ஊற்றி, காற்றாடிக்குக் கீழே வைத்து, தினமும் எடை பாருங்கள். எறும்பு வராமலிருக்கத் தட்டை தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்துக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்றுள்ள ஊரில் நாள் கூடும். 100 கிராம் கரைசல் தேனின் கெட்டிக்கு வர, சுமார் 38 கிராமாக வற்ற வேண்டும். தேனீ இந்த வேலையைச் சிறகால் விசிறிச் செய்கிறது.

ஆனால் உங்கள் தட்டில் 38 கிராம் வருவதற்குள் சர்க்கரை கற்கண்டாகத் தட்டில் படிந்துவிடும். சோதனை தோற்றுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. தேனீயின் சுரப்பி நீர் சர்க்கரையை உடைத்துக் குளுக்கோசும் ஃபிரக்டோசுமாக மாற்றிவிடுவதால் தேன் அவ்வளவு கெட்டியாகியும் நீர்மமாக நிற்கிறது. வெறுமனே வற்றவைத்தால் தேன் வராது. சில தேன் நாளானால் உறையும், அதுவும் குளுக்கோஸ் படிவதே. உறைந்ததாலேயே அது கலப்படம் ஆகிவிடாது.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தடவலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

கூடாது. ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டும் வேண்டாம். காய்ச்சிய தேனும் வேண்டாம். தேனில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதை இருக்கக்கூடும். வீட்டில் காய்ச்சும் சூட்டில் அது சாகாது. பெரியவர் குடலில் அது முளைப்பதில்லை. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்தால் மலச்சிக்கல், பால் குடிக்க முடியாமை, கழுத்துத் தளர்ச்சி, மூச்சுத் திணறல் வரை போகும். மலைத்தேன், சுத்தத்தேன் என்பதெல்லாம் இதற்குப் பாதுகாப்பு இல்லை. பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க, சடங்கில் தேனைக் குழந்தையின் அம்மாவுக்குக் கொடுங்கள்.

தேனீ நடனமாடி வழி சொல்லும் என்பதை விளையாட்டாக்க முடியுமா?
– நூலகத்தில் சிறுவர் வட்டம் நடத்துபவர், திருச்சி

முடியும், ஆறு வயதுக்கு மேல். இந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்தவர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

திடலில் மூன்று இடங்களில் கடலைமிட்டாயை ஒளித்துவையுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் ஓர் இடத்தைக் காட்டுங்கள். அது திரும்பி வந்து, பேசாமல், இடுப்பை ஆட்டிக்கொண்டே அந்தத் திசையில் நேராக நடக்க வேண்டும், பிறகு வலப்பக்கம் அரைவட்டமாகத் திரும்பி வந்து மறுபடி நேர்கோடு, அடுத்து இடப்பக்கம் அரைவட்டம். எட்டு வடிவம் வரும். பத்தடி தூரத்துக்கு ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டிக் காட்டிவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொம்புத்தேனீ இப்படித்தான் ஆடுகிறது. திறந்த வானத்தின் கீழ், அடையின் தட்டையான மேற்பரப்பில், பூ இருக்கும் பக்கத்தையே நேராகக் காட்டும். அடுக்குத்தேனீக்கு அந்த வசதி இல்லை. இருட்டில், செங்குத்தான அடையில் ஆட வேண்டும். அதனால் 'மேல்' என்றால் 'சூரியன் இருக்கும் பக்கம்'. மேலிருந்து வலப்புறம் எவ்வளவு சாய்ந்து ஆடுகிறதோ, சூரியனிலிருந்து வலப்புறம் அவ்வளவு விலகிப் பறக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சுவரில் சாக்குக்கட்டியால் மேல்நோக்கி ஒரு கோடு போட்டு இந்த இரண்டாம் ஆட்டத்தைச் சொல்லித்தாருங்கள். சின்னவர்களுக்குக் கொம்புத்தேனீ ஆட்டம் போதும், இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் குழம்பிவிடும்.

தேனீ இல்லாவிட்டால் நமக்குச் சாப்பாடே இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?
– ஓர் ஆசிரியை, ஈரோடு

வேண்டாம். நெல், கோதுமை, சோளம், கேழ்வரகு எதற்கும் தேனீ தேவையில்லை. வாழை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும். தக்காளியும் கத்தரியும் பூவை உலுக்கி மகரந்தம் கொட்டவைக்கும் பூச்சியால் நன்றாகக் காய்க்கும். அதைச் செய்வது மூங்கிலைத் துளைத்து வாழும் பெரிய கறுப்புத் தச்சுத்தேனீ போன்றவை, அடுக்குத்தேனீயால் அது முடியாது. பயமுறுத்தும் வாக்கியத்தைவிடப் பூசணியே நல்ல பாடம். மாலையில், மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மொட்டுக்கு அடியில் குட்டிக்காய் இருந்தால் பெண். ஒன்றை மட்டும் மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டுங்கள், காம்பு நசுங்கக் கூடாது. மறுநாள் பூ வாடியதும் பையை எடுத்துவிடலாம். சில நாளில் மூடிய பூவின் குட்டிக்காய் மஞ்சளாகி உதிரும், மற்றது பருக்கும். மழை நாளில் தேனீ வராது, இரண்டுமே உதிரலாம். அன்றைய மழையும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

மகளைத் தேனீ கொட்டிவிட்டது. அம்மா சுண்ணாம்பு தடவினார்கள். இப்போது பூச்செடிப் பக்கமே போக மாட்டேன் என்கிறாள்.
– ஒரு தாய், சேலம்

சுண்ணாம்பு வேண்டாம், பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். கொடுக்கு தோலில் நின்றால் உடனே நகத்தால் வழித்து எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம், ஏனென்றால் பிய்ந்து வந்த நஞ்சுப்பை தொடர்ந்து சுரந்துகொண்டிருக்கும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். கொட்டிய இடம் மட்டும் வீங்குவது இயல்பு. உதடு, முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி, மயக்கம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். வாய்க்குள், தொண்டையில் கொட்டினாலும், சின்னக் குழந்தைக்குப் பத்துக்கு மேல் கொட்டியிருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பயம் தெளிய அவசரப்படுத்தாதீர்கள். ஜன்னலுக்குள்ளிருந்து துளசியைப் பார்க்கட்டும். கொட்டின தேனீக்கு என்ன ஆனது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: கொடுக்கில் முள் இருப்பதால் நம் தோலில் மாட்டிக்கொண்டது, இழுத்ததில் பிய்ந்து தேனீ இறந்துவிட்டது.

பள்ளிக் கட்டடத்தின் மேல்மாடி விளிம்பில் பெரிய தேனடை. பிள்ளைகளுக்குக் காட்டலாமா? தீ வைத்துக் கலைக்கலாமா?
– தலைமை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

அது மலைத்தேனீயாக இருக்கும். அருகில் கூட்டிப்போகவும் வேண்டாம், தீ வைக்கவும் வேண்டாம். கலைந்த மலைத்தேனீ கூட்டமாக நெடுந்தூரம் துரத்தும். அந்தப் பக்கத்து வகுப்பறையையும் பாதையையும் மூடிவிட்டு 101 அல்லது 112இல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கல்லெறியக் கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுங்கள். துரத்தினால் கையை வீசாமல், சட்டையால் முகத்தை மூடி, நேராக ஓடி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்த வேண்டும். தண்ணீருக்குள் குதிக்கக் கூடாது. தேனீ மேலேயே காத்திருக்கும். ஒரு தேனீ கொட்டியதும் வாழைப்பழ வாசனை போன்ற எச்சரிக்கை மணம் பரவி மற்றவற்றை அழைக்கும், அதனால் நின்று அடிப்பது நிலைமையை மோசமாக்கும்.

ஜன்னலோரம் செத்துக்கிடந்த தேனீயை மகன் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறான். வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு தந்தை, புதுச்சேரி

தாராளமாக. ஆனால் செத்த தேனீயின் கொடுக்கும் குத்தும். வால் முனையை ஒட்டும் டேப்பால் அட்டையில் ஒட்டிவிட்டுக் கொடுங்கள். இரண்டு நாள் நிழலில் உலர்த்தினால் நாறாது. எறும்பு வராமல் மூடி வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கித்தந்தால் முதலில் பின்னங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் வழவழவென்று சற்றுக் குழிந்து, ஓரமெல்லாம் நீளமயிர் வளைந்து நிற்கும். அதுதான் மகரந்தக் கூடை. பெரிய கண்கள் இரண்டு, உச்சந்தலையில் புள்ளி மாதிரி மூன்று. பெரிய கண்ணின் மேலேகூட மயிர் முளைத்திருக்கும். சிறகு இரண்டு என்றுதான் அவன் சொல்வான். ஊசி முனையால் மெல்லப் பிரித்தால் பக்கத்துக்கு இரண்டாக நாலு வரும். பின்சிறகின் முன்விளிம்பில் வரிசையாகக் கொக்கிகள். பறக்கும்போது அவை முன்சிறகில் மாட்டி, இரண்டும் ஒன்றாக அடிக்கும்.